கழுத்துக்கு அறுபது மதிப்பெண்

வெளிநாட்டு லைசென்ஸோடு வந்து இறங்குகிறவனுக்கு ஒரு வருஷம் வரை வண்டி ஓட்டத் தெரியும் என்று அந்த நாட்டுச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. வருஷம் முடிந்த மறுநாள் காலையிலிருந்து தெரியாது. இடையில் அவன் தூங்கி எழுந்ததைத் தவிர வேறொன்றும் செய்திருக்க மாட்டான். ஆனாலும் அந்தத் தூக்கத்தில் அவன் எதையெல்லாம் மறந்துபோனான் என்பது சட்டத்துக்குத் தெரியும். மறந்துபோனவர்களைச் சோதித்துச் சான்று கொடுப்பதற்கென்றே ஊர் நடுவில் நாலு மாடிக் கட்டடம் எழுப்பி, ஓட்டுநர் தகுதி ஆணையம் என்று பெயர் சூட்டி, வாசலில் வரிசையாகப் பூந்தொட்டியும் வைத்திருந்தார்கள்.

லாரிக்காரருக்கு மறதி வர இன்னும் மூன்று மாதம் இருந்தது.

லாரிக்காரர் என்பது பழைய வேலை கொடுத்த பெயர். சொந்த நாட்டில் மலைப்பாதையில் மரம் ஏற்றி ஓட்டியவர். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம், எதிரே பிரேக் பிடிக்காத பஸ் என்று பாதி ஆயுளை ஓட்டிவிட்டு வந்தவருக்கு இங்கே கிடைத்தது ஒரு சலவை நிலையத்தின் வேன். ஓட்டல் படுக்கை விரிப்புகளையும் மருத்துவமனைத் தலையணை உறைகளையும் அழுக்காக ஏற்றிவந்து வெள்ளையாகத் திருப்பிக் கொடுக்கும் வேலை. சலவை நிலையத்துக்கு மேலேயே ஓர் அறையும் சமையல் மூலையும் கொடுத்திருந்தார்கள். வேன் சாவி எவரிடமோ, அறைச் சாவியும் அவரிடம். அதுதான் அங்கே ஏற்பாடு.

முதலாளியம்மா கெட்டவர் அல்ல, கறார் மட்டும்தான். "உங்க ஓட்டத்துல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா லைசென்ஸ் இல்லாத ஆளை வேன்ல உட்கார வச்சா என் கடைக்குப் பூட்டுப் போட்டுடுவாங்க. வருஷம் முடியறதுக்குள்ள இந்த ஊர் லைசென்ஸை வாங்கிடுங்க. இல்லேன்னா சாவியை உங்க மச்சான்கிட்ட குடுக்க வேண்டியதுதான். அவர்கிட்டதான் லைசென்ஸ் இருக்கே" என்றார்.

கீழே இஸ்திரி மேசையருகே நின்றுகொண்டிருந்த மச்சானின் கையிலிருந்த தலையணை உறை தீய்ந்தது.

மச்சான் என்றால் லாரிக்காரரின் மனைவிக்குத் தம்பி. அக்கா குடும்பத்தை இந்த நாட்டுக்கு வரவழைத்தவரே அவர்தான். ஒன்பதாவது முயற்சியில் ஆணையத் தேர்வில் தேறி, லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். வேலைக்கு பஸ்ஸில்தான் வருவார்.

"ஏன்டா, கையில லைசென்ஸ வச்சுக்கிட்டு எதுக்குடா பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்க?" என்று அன்று அக்கா கேட்டாள்.

"லைசென்ஸ் வாங்கத் தெரியும்க்கா. ஓட்டத் தெரியும்னு நான் எப்பவாவது சொன்னேனா?" என்றார் மச்சான். பிறகு லாரிக்காரர் பக்கம் திரும்பினார். "மாமா, எப்படியாவது தேறிடுங்க. நீங்க தோத்தா நான் ஓட்டணும். நான் ஓட்டினா யாராவது சாவாங்க. அனேகமா நான்."

லாரிக்காரர் சிரித்தார். மலை இறக்கத்தில் லாரியை நியூட்ரலில் விடாமல் கொண்டுவந்தவனுக்கு இந்தச் சமதரையில் என்ன பரீட்சை என்று நினைத்தார். அவர் அப்படி நினைத்ததற்குக் காரணம், ஆணையத்தை அவர் அதுவரை பின்வாசல் வழியாக மட்டுமே பார்த்திருந்தார்.

ஆணையமும் சலவை நிலையத்தின் வாடிக்கைதான். தேர்வதிகாரிகளின் வெள்ளைக் கையுறை, வெள்ளைக் கோட்டு, கூட்ட அரங்கத் திரைச்சீலை எல்லாம் செவ்வாய்தோறும் லாரிக்காரர் வேனில்தான் போகும். கட்டடத்தின் பின்னால் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு சந்து. பாதி தூரத்தில் அது முழங்கை போல மடங்கும். வேனைத் திருப்ப இடம் கிடையாது. தெருவிலிருந்தே பின்னோக்கி எடுத்துக்கொண்டு போய்க் கிடங்கு வாசலில் நிறுத்த வேண்டும். முன்பு ஓட்டியவர்களின் வேன்கள் என்னென்ன நிறத்தில் இருந்தன என்பதை அந்தச் சுவர்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். லாரிக்காரர் வந்த பிறகு சுவரில் புது நிறம் ஏதும் ஏறவில்லை.

"செவுத்துக்கு வலிக்காம வர்ற ஒரே ஆள் நீதாம்பா" என்பார் பின்வாசல் காவலாளி.

முதல் தேர்வுக்கு லாரிக்காரர் முன்வாசல் வழியாகப் போனார். தானே வேனை ஓட்டிக்கொண்டு போய், தானே நிறுத்தி, தனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று அறிந்துகொள்ள வரிசையில் நின்றார்.

தேர்வதிகாரி வெள்ளைக் கையுறையோடு வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். அந்தக் கையுறையின் கட்டைவிரலில் மைக்கறை போக மச்சான் பட்ட பாடு லாரிக்காரருக்கு நினைவு வந்தது. மரியாதை கருதிச் சொல்லவில்லை.

"நான் சொல்ற பக்கம் போகணும். சொல்லாத பக்கம் போகக் கூடாது. புரிஞ்சுதா?"

லாரிக்காரர் தலையை ஆட்டினார். வண்டி கிளம்பியது. சந்தை, பாலம், பள்ளிக்கூட வாசல், மூன்று முக்குகள், ஒரு மேடு. கண்ணாடித் தம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர் வைத்திருந்தாலும் ஒரு சொட்டு சிந்தியிருக்காது. திரும்பிவந்து இரண்டு கார்களுக்கு நடுவே ஒரே மூச்சில் செருகி நிறுத்தினார்.

தேர்வதிகாரி பெருமூச்சு விட்டார். "ரொம்ப வருத்தமா இருக்கு. நீங்க ஒரு தடவைகூடக் கண்ணாடியைப் பார்க்கலை."

"பார்த்துக்கிட்டேதான் சார் வந்தேன்."

"நீங்க பார்த்திருக்கலாம். நீங்க பார்த்ததை நான் பார்க்கலையே."

"சார், பாலத்துல நம்ம பின்னாடி ஒரு நீலக் கார் வந்துச்சு. முன் விளக்கு ஒண்ணு உடைஞ்சிருந்துச்சு. ஓட்டினவர் போன்ல யாரையோ திட்டிக்கிட்டு வந்தார். பள்ளிக்கூடத்துக்கிட்ட இடது பக்கம் ஒரு அம்மா குடையை மடக்கிட்டு ரோட்டுல இறங்கலாமான்னு யோசிச்சாங்க. அதனாலதான் மெதுவாக்கினேன்."

"இதையெல்லாம் நான் எப்படிங்க சரிபார்க்கறது? எனக்கு ரோடு தெரியாது. நான் உங்க கழுத்தைப் பார்த்துட்டிருந்தேன்" என்றார் தேர்வதிகாரி. குரலில் கோபம் இல்லை. கடமை மட்டும்தான் இருந்தது. "நூத்துக்கு அறுபது மதிப்பெண் கழுத்துக்கு. உங்க கழுத்து மொத்தத் தேர்வுலயும் ஒரே ஒரு இடத்துலதான் அசைஞ்சுது. வண்டி நின்னுட்டிருந்தப்ப, ரெண்டு பக்கமும் அழகாப் பார்த்தீங்க. அதுக்கு ரெண்டு மார்க் போட்டிருக்கேன்."

லாரிக்காரர் யோசித்தார். "அது... புரிஞ்சுதான்னு கேட்டீங்களே சார். சரின்னு தலையாட்டினேன்."

தேர்வதிகாரி பேனாவை எடுத்து அந்த இரண்டு மதிப்பெண்ணையும் அடித்தார்.

லாரிக்காரர் இறங்கித் தயங்கி நின்றார். "அப்ப என் வேனை எடுத்துட்டுப் போகலாமா சார்?"

"தாராளமா. உங்க வெளிநாட்டு லைசென்ஸ் இன்னும் செல்லுதே. உங்களுக்கு ஓட்டத் தெரியலைன்னுதான் சொன்னேன். ஓட்டக் கூடாதுன்னா சொன்னேன்?" என்றவர், கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "எந்தப் பக்கமாப் போறீங்க? என் காரு பட்டறையில கிடக்கு. நேத்து பின்னாடி எடுக்கறப்ப ஒரு தூண் குறுக்க வந்துடுச்சு."

"கழுத்தைத் திருப்பினீங்களா சார்?"

"முழுசா."

பேருந்து நிலையம் வரை லாரிக்காரர் அவரைக் கொண்டுபோய் விட்டார். பாதி வழியிலேயே தேர்வதிகாரி வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டார். தேர்வில் தோற்றவனின் வண்டியில் அவ்வளவு நிம்மதியாக யாரும் தூங்கியதில்லை.

அன்று மாலையே சமையல் மூலையில் பயிற்சி தொடங்கியது. முக்காலியில் லாரிக்காரர், கையில் ஸ்டியரிங்காகப் பாத்திர மூடி. பக்கத்தில் தேர்வதிகாரியாக மச்சான். ஓட்டுவதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் தேர்ந்தவர்.

"நடுக் கண்ணாடிக்கு மோவாயத் தூக்கி ஒரு வெட்டு. பக்கக் கண்ணாடிக்குக் கால் திருப்பம். பின்னாடி பார்க்கணும்னா மோவாய் தோள்ல இடிக்கணும். சத்தம் கேட்டா இன்னும் நல்லது. எங்க, திரும்புங்க மாமா."

லாரிக்காரர் திரும்பினார்.

"இது போதாது. பக்கத்து வீட்டுல சண்டை நடக்குதுன்னு நினைச்சுக்கிட்டுத் திரும்புங்க."

"அவ்வளவு திரும்பினா முன்னாடி வர்றவனை எப்படிடா பார்க்கறது?"

"முன்னாடி வர்றவனுக்கு மார்க் இல்ல மாமா."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் கூப்பிட்டு ஒரு தடவை திரும்பினதில்ல. கைதான் நீளும், என்ன வேணும்னு. அங்க போய் யாரோ ஒருத்தனுக்காகத் திரும்பக் கத்துக்கறாராம்" என்றாள்.

பூம்பூம் மாடும் தோற்றுப்போகும்படி ஒரு மாதம் தலையாட்டிப் பழகிய பிறகு இரண்டாம் தேர்வு. அன்று அவருக்கு முன்னால் போனவர் ஒரு கனவான். கோட்டும் சூட்டும் போட்டவர். ஆந்தைக்குக்கூடக் கழுத்து அப்படித் திரும்பாது. அவர் இடது தோளில் மோவாயை ஊன்றிப் பின்னால் பார்த்தபடியே முன்னால் போய் வாசல் பூந்தொட்டி ஒன்றின் மேல் ஏற்றி நசுக்கினார். தேறிவிட்டார்.

"தொட்டி உடைஞ்சுதே சார்" என்றார் லாரிக்காரர், தன் முறை வந்து ஏறிக்கொண்டே.

"தொட்டி தோட்டப் பிரிவுச் சொத்து. அது வேற மாடி" என்றார் தேர்வதிகாரி.

லாரிக்காரர் முக்குக்கு முக்கு கழுத்தைத் திருப்பினார். வெட்டினார். மோவாயைத் தோளில் இடித்தார். ஆனால் மலைப்பாதையில் பழகிய கண்தான் காலை வாரியது. கழுத்து போகிற பக்கம் அது போக மறுத்துவிட்டது. முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்க, கருவிழி இரண்டும் ஓரத்தில் ஒதுங்கி நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தன.

"கழுத்துக்கு முப்பது போட்டிருக்கேன். முன்னேற்றம்தான். ஆனா கழுத்து திரும்பறப்ப உங்க கண்ணு ரோட்டுலயே இருக்கு. நம்பிக்கைத் துரோகம் மாதிரி இருக்கு."

"ரோட்டைப் பார்க்காம எப்படி சார்..."

"அதைத்தான் போன வாரச் சுற்றறிக்கையில தெளிவாச் சொல்லியிருக்காங்களே. மூக்கு எந்தப் பக்கமோ பார்வையும் அந்தப் பக்கம். உங்களை மாதிரி ஆளுங்க வந்து கண்ணை மட்டும் திருப்பிக் குறுக்கு வழியில பார்க்கறாங்கன்னு புகார் வந்துதான் அந்த அறிக்கையே போட்டோம்."

அன்றும் அவரைப் பேருந்து நிலையத்தில் விட வேண்டியிருந்தது. பட்டறையிலிருந்து வந்த கார், வந்த அன்றே மறுபடி பட்டறைக்குப் போயிருந்தது.

இனி மேலிடத்தில் முறையிடுவதுதான் வழி என்று மச்சான் சொன்னார். ஆணையரை மனுக் கொடுத்துப் பார்க்க முடியாது. திரைச்சீலை மாட்டப் போனால் பார்க்கலாம். அடுத்த செவ்வாய்க்கிழமை லாரிக்காரர் சலவை செய்த திரைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நாலாவது மாடிக்கு ஏறினார்.

ஆணையர் தேநீர்க் கோப்பையோடு சன்னலருகே நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். "அடடா, சலவை வேன் வந்துட்டுதா? கூட்டத்துல மாட்டிக்கிட்டேன், இன்னைக்குப் பார்க்கத் தவறிப்போச்சே" என்று வருத்தப்பட்டவர், திரை மாட்ட வந்தவரிடம் தாராளமாகப் பேசினார். பெரியவர்கள் மனுதாரரிடம்தான் பேசமாட்டார்கள். "இந்தச் சந்துல அந்த ஆள் வேனைப் பின்னாடி எடுக்கறதைப் பார்த்திருக்கீங்களா? வாரா வாரம் இங்க நின்னு பார்ப்பேன். ஊசியில நூல் கோக்கற மாதிரி. அதெல்லாம் ஒரு கலைங்க."

"நான்தான் சார் அந்த ஆள்."

ஆணையர் மகிழ்ந்து போனார். கையைக்கூடக் கொடுத்தார். லாரிக்காரர் அந்தக் கையை விடாமலே தன் கதையைச் சொல்லி முடித்தார். கேட்கக் கேட்க ஆணையரின் கை தளர்ந்தது.

"ஆமா" என்றார் கடைசியில், சன்னலைப் பார்த்தபடி. "நீங்க கழுத்தைத் திருப்பறதே இல்ல. மேலேருந்து பார்க்கறப்பவே நினைச்சேன், இந்த ஆள் ரொம்ப ஆபத்தானவர்னு."

"ஒரு தடவைகூட இடிக்கலையே சார்."

"அதுதான் ஆபத்து. இடிச்சிருந்தா திருத்தியிருக்கலாம்." ஆணையர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பேச்சு சொற்பொழிவாயிற்று. "பாருங்க, கண்ணு என்ன பார்க்குதுன்னு யாராலயும் அளக்க முடியாது. கழுத்தை அளக்கலாம். அளக்க முடியாததை நம்பி ஒரு ஆணையம் நடத்த முடியுமா? நான் பொறுப்பெடுத்தப்ப இந்த ஊர்ல சராசரிக் கழுத்துத் திருப்பம் முப்பது டிகிரிகூட இல்ல. இன்னைக்கு எழுபது. அடுத்த வருஷம் தொண்ணூறைத் தொடறோம். வெளியூர்லேருந்தெல்லாம் வந்து பார்த்துட்டுப் போறாங்க."

"விபத்து குறைஞ்சிருக்கா சார்?"

"விபத்தும் கூடித்தான் இருக்கு. எல்லாத் துறையும் வளருதில்ல. ஆனா அது சாலைப் பிரிவு வேலை. அவங்க விஷயத்துல நாங்க தலையிடறதில்ல, எங்க கழுத்துல அவங்க கை வைக்கறதில்ல."

"நீங்க எப்படி சார் ஓட்டுவீங்க?"

"நானா? எனக்கு டிரைவர் இருக்கார்" என்றார் ஆணையர். "அந்தத் திரையைக் கொஞ்சம் ஓரமாவே மாட்டுங்க. செவ்வாய்க்கிழமை சன்னலை மறைக்கக் கூடாது."

மூன்றாம் தேர்வு, சட்டம் கொடுத்த வருஷத்தின் கடைசி நாளுக்கு வாய்த்தது. தோற்றால் மறுநாள் காலை சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைக்கும்படி முதலாளியம்மா சொல்லிவிட்டார். சொன்னபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதையும் மச்சான், "பாருங்க, எப்படித் திரும்பறாங்க" என்று காட்டினார்.

மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்தாள். சோறு வடிக்கும் பானையை மட்டும் வெளியே விட்டாள். "நானும் வர்றேன். தோத்துட்டு வந்து நீங்க வாசல்ல நின்னு முழிக்கறதை இங்க உட்கார்ந்து யோசிக்கறதுக்கு, அங்கயே வந்து பார்த்துடறேன்" என்று கிளம்பினாள்.

அன்று லாரிக்காரர் ஓட்டவில்லை. ஆடினார் என்றுதான் சொல்ல வேண்டும். நடுக் கண்ணாடிக்கு மோவாய் வெட்டு. பக்கக் கண்ணாடிக்குக் கால் திருப்பம். மூக்கு போன பக்கம் பார்வை. மோவாய் தோளில் இடித்த சத்தம் தேர்வதிகாரிக்குக் கேட்டது. பின்னால் என்ன வந்தது, முன்னால் யார் குறுக்கே போனார் என்று லாரிக்காரருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாய் உயிர் தப்பியது நாயின் சாமர்த்தியம். தேர்வதிகாரி மனம் நெகிழ்ந்து, "இப்பதாங்க நீங்க டிரைவர் மாதிரி இருக்கீங்க" என்றார்.

கடைசி முக்கில், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதானே என்று லாரிக்காரர் இழுத்துத் திருப்பினார். கழுத்துக்குள் விறகு ஒடிந்தது போல ஒரு சத்தம். பிறகு கழுத்து திரும்பி வரவில்லை.

முகம் தேர்வதிகாரியின் முகத்துக்கு நேரே நின்றுவிட்டது. ஒருவரை ஒருவர் பார்த்தபடியே போனார்கள். "போதுங்க, நல்லாவே திருப்பிட்டீங்க" என்று தேர்வதிகாரி கூச்சத்தோடு சொன்னார். வலியில் நீர் கோத்த கண்கள் மட்டும் பழைய பழக்கத்துக்கு ஓரமாக ஒதுங்கிச் சாலையைத் தேடிப் பிடித்துக்கொண்டன. இரண்டு கார்களுக்கு நடுவே வேன் ஒரே மூச்சில் போய் நின்றது.

கழுத்துக்கு அறுபதுக்கு அறுபது. ஆணையம் தொடங்கிய நாளிலிருந்து யாரும் வாங்காதது. தேர்வதிகாரி இறங்கி நின்று கைகொடுத்தார். லாரிக்காரர் வேறெங்கோ பார்த்தபடி வாங்கிக்கொண்டார்.

"டாக்டர்கிட்ட ஒரு முத்திரை மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க. சும்மா சம்பிரதாயம்."

மருத்துவ அறையில் டாக்டர் ஒரு விரலைக் காட்டி, "இங்க திரும்புங்க" என்றார். லாரிக்காரர் உடம்போடு திரும்பினார். "அங்க." மறுபடியும் உடம்போடு.

"கழுத்து சுத்தமாத் திரும்பலையே. கழுத்து திரும்பாதவங்களுக்கு லைசென்ஸ் கிடையாதுங்க" என்றார் டாக்டர்.

"காலையில திரும்பிச்சு டாக்டர். அதுக்குத்தான் அறுபது மார்க் குடுத்தாங்க" என்றார் லாரிக்காரர்.

"அது காலையில." டாக்டர் ஒரு வெள்ளைக் கழுத்துப்பட்டையை எடுத்து மோவாய்க்கும் தோளுக்கும் நடுவே கட்டிவிட்டார். "தசை பிடிச்சிருக்கு. ஒரு வாரத்துல சரியாயிடும். சரியானதும் மறுபடி முதல்லேருந்து தேர்வுக்கு வாங்க."

மனைவி அறை வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். ஒரு வாரம் என்றால் சாவி நாளைக்கே போய்விடும். சாக்கில் கட்டிய பாத்திரம் தெருவுக்கு வரும். தம்பி வேனில் ஏறுவான். அதற்கு மேல் அவளுக்கு யோசிக்கத் தைரியம் இல்லை.

"ஏன் சார், கழுத்து திரும்பாதவங்க இந்த ஊர்ல யாருமே வண்டி ஓட்டறதில்லையா?" என்று கேட்டாள்.

"ஓட்டறாங்களே. நிரந்தரக் குறைன்னா சலுகைப் பிரிவு இருக்கு. ஏழாவது சன்னல்" என்று டாக்டர் கை கழுவப் போனார்.

ஏழாவது சன்னலில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த எழுத்தர், கழுத்துப்பட்டையைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டார். அந்தக் கட்டடத்தில் லாரிக்காரருக்குக் கிடைத்த முதல் நாற்காலி அது.

"கழுத்து எத்தனை நாளா இப்படி?"

"ஒரு மணி நேரமா" என்றார் உண்மையைத் தவிர வேறு பேசிப் பழகாத லாரிக்காரர். "ஒரு வாரத்துல சரியா..."

மனைவி செருப்புக் காலால் அவர் பாதத்தை மிதித்தாள். மிதித்த காலை எடுக்காமலே பேசினாள்.

"அவருக்கு எங்கங்க தெரியும்? கல்யாணம் ஆன நாள்லேருந்து பார்க்கறேன், இந்தக் கழுத்து ஒரு தடவை திரும்பினதில்ல. கூப்பிட்டாத் திரும்ப மாட்டார், அழுதாத் திரும்ப மாட்டார். வீட்டுல பாம்பு வந்தப்பகூட, எங்கன்னு கேட்டாரே தவிரத் திரும்பல. அவங்க அப்பாவும் அப்படித்தான். பரம்பரை. எங்க வேணாலும் வந்து சத்தியம் பண்றேன்."

எழுத்தரின் கண் கலங்கியது. "எப்படிம்மா இத்தனை வருஷம் சமாளிச்சீங்க?"

"பழகிடுச்சு" என்றாள்.

"சரி. ஒரே கேள்விதான், கட்டாயம் கேட்கணும்." எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "கண்ணாலயாவது பார்க்கத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் சார்" என்றார் லாரிக்காரர்.

அவ்வளவுதான். கட்டணம்கூடப் பாதி. சாயங்காலத்துக்குள் புது லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. புகைப்படத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி: "உடற்குறை கருதி, கழுத்துப்பட்டை அணிந்த நிலையில் மட்டும், இவர் கண்ணால் பார்த்து ஓட்ட அனுமதிக்கப்படுகிறார்."

வீட்டுக்கு வந்து மனைவி சாக்கை அவிழ்த்தாள். மச்சான் லைசென்ஸை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, மாமாவைக் கட்டிக்கொண்டு அழுதார். கழுத்தைத் தொடாமல்தான் கட்டிக்கொண்டார்.

கழுத்து ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. பட்டையைக் கழற்றத்தான் முடியவில்லை.

இந்த விஷயம் வெளியே பரவக் கூடாது என்று மனைவி மச்சானிடம் சத்தியம் வாங்கினாள். மச்சான் பஸ்ஸில் போகிறவர். பஸ்ஸில் எல்லா நாட்டுக்காரர்களும் போவார்கள். ரொட்டி வேன் ஓட்டியவர், குழாய் ரிப்பேர்க்காரர், கிரேன் ஓட்டியவர் என்று மறதி வரக் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழுத்து பிடித்துக்கொண்டு ஏழாவது சன்னலுக்கு வந்தார்கள். மனைவிகளும் வந்தார்கள். கூப்பிட்டால் திரும்பாத கணவன் தன் வீட்டில் மட்டும்தான் என்று அதுவரை ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டிருந்தது பொய் என்பது அந்த வரிசையில்தான் தெரிந்தது. ஊர் மருந்துக்கடைகளில் பட்டை தீர்ந்துபோனது. சலவை நிலையத்தில் பட்டை வெளுக்கத் தனித் தொட்டி வைத்தார்கள். முதலாளியம்மா இன்னொரு வேன் வாங்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்தார்.

ஆணையத்தின் ஆண்டு விழாவில் ஆணையர் பேசினார். மேடை விரிப்பைக் கொண்டுவந்த லாரிக்காரர், அதைத் திரும்ப எடுத்துப் போவதற்காகக் கடைசி வரிசையில் நின்று கேட்டார்.

"வெளிநாட்டுக்காரங்களுக்குக் கழுத்து பிறவியிலேயே பலவீனம்ங்கறதை நம்ம ஆணையம் கண்டுபிடிச்சிருக்கு. அவங்களை நாம ஒதுக்கலை. பட்டை குடுத்து அணைச்சுக்கிட்டோம். அதுல ஒரு ஆச்சரியம் பாருங்க. பட்டை போட்ட ஓட்டுநர்கள் இந்த வருஷம் ஒரு விபத்துகூடப் பண்ணலை. ஒண்ணுகூட இல்ல. காரணத்தை ஆராய ஒரு குழு போட்டோம். குழு ரெண்டு மாசம் உழைச்சு, பட்டைதான் காரணம்னு கண்டுபிடிச்சுது." கைதட்டல் அடங்கக் காத்திருந்தார். "ஆகவே அடுத்த மாசம் முதல் எல்லா ஓட்டுநர்களும் கழுத்துப்பட்டை அணியணும். அதே சமயம் தேர்வுல கழுத்துத் திருப்பம் தொண்ணூறு டிகிரி. ரெண்டுலயும் சமரசம் கிடையாது."

மச்சான் தன் லைசென்ஸ் படத்துக்கும் ஒரு பட்டை வாங்கிச் சட்டத்தைச் சுற்றிக் கட்டிவிட்டார். பஸ்ஸில்தான் போகிறார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வெயில் கொளுத்தியது. லாரிக்காரர் வேனைப் பின்னோக்கி எடுத்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தார். நாலாவது மாடிச் சன்னலில் திரை ஓரமாக ஒதுங்கியிருந்தது. தேநீர்க் கோப்பை தெரிந்தது. முழங்கை மடிப்பில் வேன் ஒரு கணம் நிற்பது போல நின்று, வழுக்கிக்கொண்டு உள்ளே போய்க் கிடங்கு வாசலில் ஒட்டி நின்றது. சுவருக்கு வலிக்கவில்லை.

காவலாளி கதவைத் திறந்துவிட்டார். பட்டையின் விளிம்பில் வியர்வை வழிந்து சட்டைக் காலரை நனைத்திருந்ததைப் பார்த்தார்.

"கழுத்து எப்பவோ சரியாப் போச்சுன்னு உன் மச்சான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான். இந்த வேகாத வெயில்ல எதுக்குப்பா இது? இங்க யாரு பார்க்கப் போறா, கழட்டி வச்சுட்டு ஓட்டேன்" என்றார்.

லாரிக்காரர் கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உயர்த்தி நாலாவது மாடியைப் பார்த்தார். பிறகு கையுறை மூட்டையை இறக்கி வைத்தார்.

"கழட்டினா எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுண்ணே" என்றார்.